கணக்கு வகுப்பில் பல்லாங்குழியும் தாயமும்: ஆறு ஆண்டு அனுபவம்

நடுநிலைப்பள்ளி ஒன்றில் கணக்கு கற்பிக்கும் நான், ஆறு ஆண்டுகளாக வாரம் ஒரு பாடவேளையைப் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் ஒதுக்கி வருகிறேன். மரப்பலகை விலை கட்டுப்படியாகாததால் சத்துணவுக் கூடத்து முட்டை அட்டைகளை வெட்டிக்கொண்டோம். பல்லாங்குழிக்குப் பக்கத்துக்கு ஏழாக 14 குழிகள் வேண்டும்; அட்டையின் நீளத்தில் ஆறு குழிகளே இருப்பதால், ஏழாவதைத் தனியே ஒட்ட வேண்டியிருந்தது. குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டைகள் போதும். ஆனால் அவற்றை ஆண்டுதோறும் வண்டு துளைத்துவிடுவதால் இப்போது மஞ்சாடி விதைகளுக்கு மாறிவிட்டோம்.

முதல் ஆண்டில் நான் செய்த தவறு, விளையாடினாலே கணக்கு வந்துவிடும் என்று நம்பியதுதான். பருவம் முடிவதற்குள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆட்டத்தில் தேர்ந்துவிட்டார்கள். ஆனால் 19-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி என்ன என்று கரும்பலகையில் எழுதியபோது, அதற்கும் தாங்கள் ஆடியதற்கும் உள்ள தொடர்பு அவர்களுக்குப் புலப்படவில்லை. இரண்டாம் ஆண்டு முதல், குழியிலிருந்து காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போடுவதற்கு முன், கடைசிக் காய் எங்கே விழும் என்பதை நோட்டில் எழுதிவிட்டே ஆட வேண்டும் என்று விதி செய்தேன். சில வாரங்களில், "டீச்சர், பதினாலு காய் இருந்தா எடுத்த குழிக்கே திரும்பி வந்துடுது" என்று ஒரு மாணவி கண்டுபிடித்தாள். அப்படியானால் பத்தொன்பது காய்கள் ஒரு முழுச் சுற்றும் மேலும் ஐந்து குழிகளும் போகும் என்பதை மற்றவர்கள் தாமாகவே சொன்னார்கள். மீதி என்ற சொல்லுக்கு அன்றுதான் அவர்களிடம் உருவம் கிடைத்தது. இவ்வளவு ஆண்டுகளில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த வகுப்பும் அதுவே.

எட்டாம் வகுப்பில் தாயக்கட்டைகளை வைத்து, நிகழ்தகவு என்ற சொல்லைச் சொல்லாமலே அதன் வாசலுக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு கட்டையிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள் இருப்பதால், இரண்டு கட்டைகளையும் உருட்டும்போது 16 வாய்ப்புகள் உண்டு. அவற்றில் கூட்டுத்தொகை மூன்றாக விழும் வழிகள் நான்கு, தாயம், அதாவது ஒன்று, விழும் வழிகள் இரண்டு. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு ஒரே ஒரு வழிதான். கைராசி உள்ளவருக்கே தாயம் விழும் என்று வாதிட்டவர்கள், விழுந்ததையெல்லாம் பல நாள் குறித்து வைத்துப் பார்த்த பிறகு, தாங்களே அந்த வாதத்தை விட்டுவிட்டார்கள்.

வேகப் போட்டியாக நடத்தியபோது, மெதுவாக எண்ணும் பிள்ளைகள் ஒதுங்கிப் பேச்சற்றுப் போனதைக் கவனிக்க எனக்குத் தாமதமாயிற்று. அது இன்னும் என்னை வருத்துகிறது. இப்போது ஒரு பக்கத்துக்கு இருவராக அமர்த்தி, கலந்து பேசிய பின்பே காயை எடுக்கச் சொல்கிறேன். நேரக் கணக்கு கிடையாது. இரைச்சலும் உண்டு, பாடத்திட்டத்தில் சில நாள் பின்தங்குவதும் உண்டு. மிகச் சிறு குழந்தைகள் விதைகளை மூக்கில் போட்டுக்கொள்ளக்கூடும் என்பதால், முதல் இரண்டு வகுப்புகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பின்னங்களுக்கு இவ்விரு ஆட்டங்களும் எனக்கு உதவவில்லை. அவற்றுக்கு இன்றும் காகிதத்தை மடித்தே கற்பிக்கிறேன்.