‘வொண்டர்’ நாவல்: தோட்ட நகரத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு வாசிக்கலாமா?

வாங்கலாம். ஆனால் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்கிற புத்தகம் இல்லை இது. பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பேசி வாசிக்க வேண்டியது. மலேசியாவின் சுங்கை சிப்புட், பீடோர், பகாவ் போன்ற தோட்டப்புற ஊர்களில் சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு எடுப்பவர்களையும், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று தேடும் ஆசிரியர்களையும் மனதில் வைத்தே இந்த மதிப்புரை. பேசப்போவது ஆங்கிலப் பதிப்பைப் பற்றி.

ஆர். ஜே. பலாசியோவின் முதல் நாவல் இது, 2012இல் வந்தது. அதற்கு முன் அவர் பல ஆண்டுகள் புத்தக அட்டை வடிவமைத்தவர். ஐஸ்கிரீம் கடை வாசலில் முக அமைப்பு வேறுபட்ட ஒரு சிறுமியைக் கண்டு அவருடைய சின்ன மகன் அழ, அவசர அவசரமாக அங்கிருந்து கிளம்பியிருக்கிறார். அந்த உறுத்தலில்தான் எழுதத் தொடங்கினார். அதே மாதிரி ஒரு காட்சி நாவலிலும் இருக்கிறது. ஜாக் என்ற பையனின் பகுதியில் வரும்.

கதை நியூயார்க்கில் நடக்கிறது. ஆகஸ்ட் புல்மனுக்குப் பத்து வயது. முக அமைப்பு வேறுபட்டுப் பிறந்தவன். பிறந்ததிலிருந்து 27 அறுவைச் சிகிச்சை. அதுவரை வீட்டில் அம்மாவிடம் படித்தவன், ஐந்தாம் வகுப்பில் முதல் முறையாகப் பள்ளிக்கூடம் போகிறான். அந்த ஒரு கல்வியாண்டுதான் கதை.

நம் பிள்ளைகளுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்கு உதட்டுப் பிளவுத் தழும்போ, கன்னம் முழுக்கப் பிறவி மச்சமோ, வெண்புள்ளியோ இருந்தால், சின்ன வயதிலிருந்தே எல்லாருக்கும் அந்த முகம் பழகிவிடும். தமிழ்ப்பள்ளியிலும் அண்ணன், அக்கா, பக்கத்து வீடு என்று தெரிந்த கூட்டம்தான். தோட்டம் துண்டாடப்பட்டு, குடும்பம் டவுன் பக்கம் தாமான் எனும் புதுக் குடியிருப்புக்குக் குடிமாறும்போது முதல் சிக்கல் தொடங்குகிறது. ஆறாம் ஆண்டு முடிந்து, புகுமுக வகுப்புக்கோ படிவம் ஒன்றுக்கோ பெரிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும் அன்று அது முழுசாக வருகிறது. நூற்றுக்கணக்கான புதுக் கண்கள். பேசும் மொழியும் வேறு. ஆகஸ்ட் ஐந்தாம் வகுப்பில் நுழையும் நாள், நம் பிள்ளைக்கு 13 வயதில் வருகிறது. ஆகவே இதை ஆறாம் ஆண்டின் பிற்பகுதியில் வாசியுங்கள். அதற்கு முன்பே கொடுத்தால் வெறும் கதையாகக் கடந்துபோகும்.

புத்தகத்தின் பெரிய பலம் அதன் அமைப்பு. எட்டுப் பகுதிகள், ஆகஸ்ட், அக்கா வியா, பள்ளித் தோழி சம்மர், நண்பன் ஜாக், வியாவின் காதலன் ஜஸ்டின், மறுபடி ஆகஸ்ட், வியாவின் பழைய தோழி மிராண்டா, கடைசியில் மீண்டும் ஆகஸ்ட் என்று ஆள் மாறி மாறிச் சொல்கிறார்கள். அத்தியாயங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கம்தான். ஆங்கிலத்தில் திணறும் பிள்ளைக்கும் மூச்சு முட்டாது. ஒரே விஷயத்தை ஆகஸ்ட் ஒரு மாதிரி சொல்வான்; ஐம்பது பக்கம் தள்ளி வியா வேறு மாதிரி சொல்வாள். வியாவின் பகுதியைத்தான் நாங்கள் மிக உயர்வாக வைக்கிறோம். தம்பி மேல் உயிரையே வைத்திருக்கிறாள். ஆனால் புதுப் பள்ளியில் யாருக்கும் அவனைக் காட்ட விருப்பமில்லை. தன் பள்ளி நாடகத்தைக்கூட வீட்டில் மறைக்கிறாள். இப்படி ஒரு உண்மையைச் சிறுவர் கதையில் எழுத நேர்மை வேண்டும். மாற்றுத்திறன் உள்ள தம்பியோ தங்கையோ இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பகுதியில்தான் தலை நிமிர்ந்து கேட்கிறார்கள்.

வாசிக்கும் முறைக்கு வருவோம். சுமார் 310 பக்கம். ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்தாலே ஏறக்குறைய எட்டு மணி நேரம் பிடிக்கும்; தமிழில் விளக்கிச் சொல்லவும் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு. அத்தனை நேரம் யாருக்கும் இல்லை. மூன்றில் ஒரு பங்கை வாசித்து, மீதியைத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். வாரம் ஒரு மணி நேரம், 35 நிமிடம் வாசிப்பு, 25 நிமிடம் பேச்சு என்று பத்து வாரம் போதும். முதல் பகுதி நீளமானது, 80 பக்கம் வரும். அதற்கு மூன்று வாரம். மூன்றாவது வாரம் முழுவதையும் மாறுவேட நாளுக்கே கொடுத்துவிடுங்கள். முகமூடி போட்டிருக்கும் ஆகஸ்ட் யாரென்று தெரியாமல், நண்பன் ஜாக் அவன் காதுபடவே அவனைப் பற்றி மோசமாகப் பேசும் இடம் அது. பிறகு வியாவுக்கு ஒன்று, சம்மருக்கு ஒன்று, ஜாக்கிற்கு இரண்டு வாரம். ஜஸ்டின் பகுதி பெரிய எழுத்தே இல்லாமல் அச்சாகியிருக்கும். பிள்ளைகள் அதை அச்சுப்பிழை என்று நினைத்துக் குழம்புவார்கள். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆகஸ்டின் இரண்டாவது பகுதியோடு ஒரே வாரத்தில் முடியுங்கள். மிராண்டா பகுதிக்கு ஐந்து நிமிடம் போதும். மீதி இரண்டு வாரம் காட்டு முகாமுக்கும் பள்ளி விழாவுக்கும். எட்டாவது வாரத்தில் வீட்டு நாய் சாகிறது. அன்று அழுகிற பிள்ளைகள் இருப்பார்கள். பேச்சு நேரத்தைக் கூட்டி வையுங்கள்.

எல்லா வகுப்பிலும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஆகஸ்டைத் தெரியாமல் தொட்டுவிட்டால் முப்பது வினாடிக்குள் கை கழுவ வேண்டும், இல்லையென்றால் ‘நோய்’ ஒட்டிக்கொள்ளும் என்று வகுப்புப் பிள்ளைகள் ஒரு விளையாட்டு வைத்திருப்பார்கள். அது சம்மர் பகுதியில் வருகிறது. விளையாட்டின் விதியை வாசித்துவிட்டு ‘மீதி அடுத்த வாரம்’ என்று நிறுத்தினால் போச்சு. திங்கட்கிழமை பள்ளித் திடலில் அதே விளையாட்டு நடக்கும். பிள்ளைகள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. விதி எளிது, ஓடிப் பிடிக்கும் சுவை இருக்கிறது, அவ்வளவுதான். சம்மர் பகுதி மொத்தமே 15 பக்கம் அளவுதான். ஒரே அமர்வில் முடியுங்கள். சாப்பாட்டு மேசையில் தனியாக இருந்த ஆகஸ்டிடம் அவள் தானாகப் போய் உட்கார்ந்தது ஏன், அதை அவளால் ஏன் விட முடியவில்லை என்பதுவரை போனால்தான் அந்த விளையாட்டின் அசிங்கம் பிடிபடும்.

இந்தச் சாப்பாட்டு மேசையை நம் கேண்டீனோடு சேர்த்துப் பேசலாம். ஆர்எம்டி என்ற திட்டத்தில் பள்ளியில் இலவச உணவு வாங்கும் பிள்ளைகள் ஒரு பக்கமும் காசு கொண்டுவருபவர்கள் ஒரு பக்கமுமாக உட்காருவது பல பள்ளிகளில் யாரும் சொல்லாமலே நடக்கிறது. நாவலின் ஜாக்கும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைதான், உதவித்தொகையில் படிக்கிறான். அதை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

இந்த நாவலின் திரைப்படத்தை முதலில் காட்ட வேண்டாம். தன் முகம் எப்படி இருக்கும் என்று ஆகஸ்ட் தொடக்கத்தில் சொல்ல மறுக்கிறான். இரண்டாம் பகுதியில் வியாதான் விவரிக்கிறாள். அதற்குள் நாம் அவனோடு சிரித்து, கோபப்பட்டு, பழகிவிடுகிறோம். ஆசிரியர் யோசித்து வைத்த வரிசை இது. 2017இல் வந்த படம் முதலில் முகத்தைக் காட்டிவிடுவதால் அந்த வேலை நடக்காமல் போகிறது. அதிலும் அது ஒப்பனை போட்ட குழந்தை நடிகரின் முகம். அப்படி ஒரு முகத்தோடு வாழும் பிள்ளையை நடிக்க வைத்திருக்கலாமே என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது; சரியான விமர்சனம். ‘ஆகஸ்டின் முகத்தை வரைந்து வா’ என்று வீட்டுப்பாடமும் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் பூதத்தைத்தான் வரைவார்கள்.

வியா பகுதியில் இன்னொரு புதையலும் இருக்கிறது: மரபணு விளக்கம். ஆகஸ்டுக்கு இருப்பது டிரீச்சர் காலின்ஸ் வகை முக எலும்பு வளர்ச்சிக் குறைபாடும், அதோடு சேர்ந்த வேறு சிக்கல்களும். டிரீச்சர் காலின்ஸ் ஏறக்குறைய 50,000 பிறப்பில் ஒன்றுக்கு வருவது. பெரும்பாலும் ஐந்தாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பெற்றோரிடம் இல்லாத மாற்றம் புதிதாகவே தோன்றுகிறது. அறிவுத்திறன் பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. காது கேட்பதில்தான் சிரமம் வரும். பலர் அலுப்பாக இருக்கிறதென்று தாண்டிவிடும் பக்கங்கள் இவை. நம் ஊரில் தாண்டவே கூடாது. உதடு பிளந்து பிள்ளை பிறந்தால், ‘கிரகணத்தன்று இவள் கத்தி எடுத்தாள்’ என்று தாயின் தலையில் பழியைப் போடும் பேச்சு இன்னும் நம் வீடுகளில் ஓயவில்லை. உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உலகில் சுமார் 700 பிறப்பில் ஒன்றுக்கு வருபவை. எந்தக் கிரகணத்துக்கும் காத்திருப்பவை அல்ல. வெண்புள்ளி தொட்டால் ஒட்டாது. அந்த வாரத்துக்கு அம்மாக்களையும் பாட்டிகளையும் அழைத்து உட்கார வையுங்கள். பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் அந்த 25 நிமிடம் அதிகம் தேவைப்படும்.

இனி, புத்தகம் தராதது என்ன? ஆகஸ்டுக்கு வரும் காயம் பெரும்பாலும் கேலியும் ஒதுக்கலும். நம் பிள்ளைக்கு அதற்கு முன்பே வேறொன்று வந்துவிடுகிறது. ‘ஐயோ பாவம்’ என்று கன்னத்தைத் தொடும் கை, எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்ள வேண்டும் என்று சாமான் கடையில் நின்று சொல்லும் ஆலோசனை, கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது ‘நீ பின்னால் நில்லும்மா’ என்று நகர்த்தும் அத்தை. எல்லாம் பாசத்தில் வருவது. எதிர்த்துப் பேசவும் முடியாது. பட்டப்பெயரும் அப்படித்தான். தோட்டத்தில் உடம்பைப் பார்த்துப் பெயர் வைப்பது பழைய வழக்கம். அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றவர்களும் உண்டு, உள்ளே புழுங்கியவர்களும் உண்டு. இதைப் பற்றி ஆங்கில நாவலில் ஒரு வரியும் கிடைக்காது, எதிர்பார்க்கவும் கூடாது. பேச்சு நேரத்தில் நாம்தான் கொண்டுவர வேண்டும்.

காதுக் கருவி வரும் அத்தியாயத்தை மட்டும் முழுசாக வாசியுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்ட கருவியைப் போட்டதும் ஆகஸ்டுக்கு ஒலி தெளிவாகக் கேட்கிறது. வகுப்பிலும் அவன் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. கருவியைப் பையிலேயே வைத்திருக்கும் பிள்ளைகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

எங்கள் பெரிய குறை முடிவைப் பற்றியது. முகாமில் வேறு பள்ளிப் பெரிய பையன்கள் ஆகஸ்டைத் தாக்குகிறார்கள். அதுவரை அவனை ஒதுக்கியவர்கள் காப்பாற்றுகிறார்கள். பள்ளியே அவன் பக்கம் திரும்புகிறது. கடைசியில் மேடை, பதக்கம், எல்லாரும் எழுந்து நின்று கைதட்டல். எதற்குப் பதக்கம்? ஒரு வருடம் பள்ளிக்கு வந்ததற்கா? மற்றப் பிள்ளைகள் எல்லாரும் அதைத்தானே செய்தார்கள்! அடி வாங்கிய பிறகுதான் மதிப்பு, பரிசு கிடைத்தால்தான் இடம் என்று ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டால் பத்து வார உழைப்பும் வீண். பரிசளிப்பு விழாவிலேயே வளரும் நம் பிள்ளைகள் இந்த இடத்தில் உற்சாகமாகக் கைதட்டுவார்கள். தட்டட்டும். தட்டி முடித்ததும் கேளுங்கள்: முகாமில் சண்டையே நடக்காமல், பதக்கமும் இல்லாமல் வருடம் முடிந்திருந்தால் ஆகஸ்டுக்குப் பக்கத்தில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள்? சம்மரின் பெயர் முதலில் வரும். ஜாக்கைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். நல்ல சண்டை அது.

ஆகஸ்டைக் கேலி செய்து ஒதுக்கும் வகுப்புப் பையன் ஜூலியனும் ஒரு குறை. வில்லனாகவே நிற்கிறான், அவன் பக்கத்தை இந்த நூல் சொல்வதில்லை. ஆசிரியர் அதைப் பிறகு தனியாக எழுதி, 2015இல் வந்த துணைத் தொகுப்பில் சேர்த்தார். அதையும் ஒன்று வாங்கி வைத்தால் நல்லது. இல்லையென்றால் வகுப்பில் ஒரு பையனுக்கு ‘ஜூலியன்’ என்று பெயர் விழுந்துவிடும்.

ஆகஸ்டின் ஆசிரியர் பிரவுன் மாதம் ஒரு நெறி வாசகத்தைப் பலகையில் எழுதுவார். பிள்ளைகள் அதைப் பற்றி எழுதுவார்கள். முதலாம் ஆண்டிலிருந்து ஆத்திசூடி மனனம் செய்கிற நம் பிள்ளைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அதனாலேயே மனப்பாடப் பதில் வரும். ஆத்திசூடி வரியைக் கேட்காமல், அவர்கள் சொந்தமாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்; மதிப்பெண் போடாதீர்கள்.

வகுப்பில் பார்த்ததுமே தெரியும் வேறுபாடுள்ள பிள்ளை இருந்தால், தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே பெற்றோரிடமும் பிள்ளையிடமும் தனியாகக் கதையைச் சொல்லி, வாசிக்கலாமா என்று கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் வேறு புத்தகம் எடுங்கள். சரி என்றால், கூட்டத்தில் ‘உனக்கும் இப்படி நடந்ததா?’ என்று கேட்கவே கூடாது. பேச்சை ஆகஸ்டிடமிருந்து தொடங்காமல் ஜாக்கிடமிருந்து தொடங்குங்கள்: நண்பனைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் யார்? அப்போது எல்லாக் கண்களும் ஒரே பிள்ளையிடம் திரும்பாது. அவரவர் மடியைப் பார்த்துக்கொள்ளும்.

15 பிள்ளைகளுக்கு ஐந்து பிரதி போதும், மூன்று பேருக்கு ஒன்று. பசை போட்டு ஒட்டிய முதுகுதான். நம் ஈரப்பதத்தில் விரித்து அழுத்தினால் தாள் கழன்றுவிடும். வாங்கியதும் நெகிழி உறை போட்டு, முதுகின் உள்பக்கம் துணி நாடா ஒட்டிவிடுங்கள். ஒன்றாம், இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் கேட்டால் இந்த நாவலைக் காட்ட வேண்டாம். ஆகஸ்டை வைத்து பலாசியோவே 2017இல் எழுதி வரைந்த படக்கதை ஒன்று இருக்கிறது, பத்து நிமிடத்தில் வாசித்து முடித்துவிடலாம்.