ஜெர்மனியில் வீட்டு இணையம்: கேபிளா, டிஎஸ்எல்லா?

ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்கள் வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “டெலிகாம் போடலாமா, வோடஃபோன் போடலாமா?” என்பதுதான். கம்பெனிப் பெயரில் ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். வோடஃபோன் கேபிள் (டிவி கம்பி வழியாக வரும் இணையம்), டிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணையம்) இரண்டையும் விற்கிறது, ஓ2-வும் அப்படித்தான், ஒன் அண்ட் ஒன் மாதிரி வேறு யாரிடம் டிஎஸ்எல் வாங்கினாலும் பெரும்பாலான ஊர்களில் வீடு வரைக்கும் வருவது டெலிகாமின் தொலைபேசிக் கம்பியேதான். அதனால் முதலில் பார்க்க வேண்டியது சுவரிலிருந்து எட்டிப் பார்க்கிற கம்பியை. தொலைபேசிக் கம்பியா, டிவி கேபிளா?

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் ஒருவராவது இருந்து, அந்த முகவரிக்கு டிஎஸ்எல்லில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட் வேகம்) கிடைக்கிறது என்றால், கேபிளில் 1000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் நான் டிஎஸ்எல்தான் எடுப்பேன். டிஎஸ்எல் 50-க்குக் கீழே போகிற வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், கேபிள். நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கும்.

டிஎஸ்எல் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. பழைய ஏடிஎஸ்எல்லில் தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு வரை முழுக்கச் செம்புக் கம்பி. 1999-இல் டெலிகாம் இதை வீடுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தபோது வேகம் 768 கேபிபிஎஸ், அதாவது ஒரு எம்பிபிஎஸ்கூட இல்லை. பிறகு ஏறி ஏறி 16 எம்பிபிஎஸ்ஸில் வந்து நின்றது, அனுப்புகிற வேகம் 2.4. அந்த 16-உம் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான், மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போனால் பாதிதான் தேறும். இரண்டாவது விடிஎஸ்எல். தெருவோரம் நிற்கிற சாம்பல் நிறப் பெட்டி வரைக்கும் ஃபைபர் (கண்ணாடி இழைக் கம்பி) வந்துவிடும், அங்கிருந்து வீட்டுக்கு மட்டும் செம்பு. ஒரே கட்டாகப் போகிற கம்பிகளில் ஒன்றின் சிக்னல் இன்னொன்றில் கசியும். அந்தக் கசிவைக் கணக்குப் போட்டு நீக்குகிற வெக்டரிங் வந்த பிறகுதான் 100 எம்பிபிஎஸ் இறக்கம் (டவுன்லோட்), 40 ஏற்றம் (அப்லோட்) என்பது சாதாரணமானது. 2018-இலிருந்து சூப்பர்வெக்டரிங்கில் 250 வரை தருகிறார்கள், ஏற்றம் அதே 40. ஆனால் 250 முழுதாக வர வேண்டுமென்றால் பெட்டி சில நூறு மீட்டருக்குள் இருக்க வேண்டும். வீடு பார்க்கப் போகும்போதே தெருவில் அந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், கம்பி நேராக வராமல் தெருவைச் சுற்றித்தான் வரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு.

தூரம் எவ்வளவோ அவ்வளவு வேகம். ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து வீடு வரைக்குமான கம்பி உங்களுடையது மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் என்ன இறக்கினாலும் உங்கள் கம்பியின் வேகம் குறையாது. காலை பத்து மணிக்கு 95 வந்தால் இரவு ஒன்பது மணிக்கும் கிட்டத்தட்ட அதுவேதான் வரும். டிஎஸ்எல்லின் பலம் என்றால் இதுதான்.

கேபிள் கதை வேறு. டிவிக்காகப் போட்ட தடித்த கோஆக்ஸ் கம்பி, தொலைபேசிக் கம்பியைவிடப் பல மடங்கு அதிக அலைவரிசையைத் தாங்கும். டாக்சிஸ் 3.1 என்கிற தொழில்நுட்பத்தோடு சேர்த்து அதில் 1000 எம்பிபிஎஸ் இறக்கம் கொடுக்கிறார்கள். 2013-இல் கேபல் டாய்ச்லாண்ட், 2019-இல் யூனிட்டிமீடியா என்ற இரண்டு கேபிள் கம்பெனிகளை வாங்கிப்போட்ட பிறகு நாட்டின் கேபிள் வலையில் மிகப் பெரும்பகுதி வோடஃபோன் கையில். இந்தக் கம்பி உங்கள் வீட்டோடு முடிவதில்லை. ஒரு வட்டாரத்திலுள்ள வீடுகள் எல்லாம் ஒரே கொள்ளளவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எத்தனை வீடுகளை ஒரு பிரிவில் சேர்த்திருக்கிறார்கள் என்பது வெளியில் யாருக்கும் தெரியாது. சில தெருக்களில் பிரிவைப் பிரித்துச் சிறியதாக்கியிருப்பார்கள், அங்கே 1000-த்துக்கு 900 தாராளமாக வரும். பிரிக்காத தெருவில் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு எல்லாரும் சோபாவில் உட்கார்ந்து படம் போட்டதும் வேகம் சரியும்.

இன்னொன்று, விளம்பரத்தில் பொடி எழுத்தில் இருப்பது. 1000 இறக்கத்துக்கு ஏற்றம் 50 மட்டும். டிஎஸ்எல் 100-இல் ஏற்றம் 40. அதாவது இறக்கத்தில் பத்து மடங்கு வித்தியாசம் காட்டுகிற இரண்டு இணைப்புகளும் ஏற்றத்தில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன. காரணம், கேபிளில் வீட்டிலிருந்து வெளியே போகிற சிக்னலுக்கு அலைவரிசையின் அடிப்பகுதியில், வழக்கமாக 65 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், ஒரு குறுகிய இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் வெளி இரைச்சலும் எளிதாக நுழையும். யாரோ ஒருவர் வீட்டில் மலிவான ஆண்டெனாக் கம்பியோ பழுதான சிக்னல் பெருக்கியோ இருந்தால் அந்த இரைச்சல் மொத்தப் பிரிவையும் கெடுக்கும். அப்போது இறக்கம் 800 காட்டும், ஏற்றம் 3-க்கும் 5-க்கும் இடையே தடுமாறும், ஆன்லைன் கூட்டத்தில் பேசுகிற உங்கள் குரல் மட்டும் துண்டு துண்டாகப் போகும். நாங்கள் முன்பு இருந்த அடுக்குமாடியில் இதே தொல்லைதான். ஒவ்வொரு முறையும் “மோடத்தை அணைத்துப் போடுங்கள்” என்ற பதில்தான் வந்தது, பழுதோ எந்த வீட்டில் என்று கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆனது. டிஎஸ்எல்லில் பழுது வந்தால் அது உங்கள் கம்பியில்தான் இருக்கும், தேடுவது சுலபம்.

சரி, மாலை நெரிசல் உங்களை எவ்வளவு பாதிக்கும்? இது நீங்கள் யாரோடு பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊருக்குப் பேசுவதாக இருந்தால் பயப்பட வேண்டாம். இந்தியாவும் இலங்கையும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே இரவு எட்டாகும்போது அம்மா தூங்கப் போயிருப்பார். ஊர் அழைப்புகள் எல்லாம் பகலிலோ சாயங்காலத்துக்கு முன்போ முடிந்துவிடும், அந்த நேரத்தில் கேபிள் நன்றாகவே ஓடும். மாட்டிக்கொள்வது அமெரிக்க கிளையண்ட்டோடு வேலை செய்கிறவர்கள். கலிபோர்னியாவில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே பெரும்பாலான மாதங்களில் மாலை ஆறு. கூட்டம் அங்கிருந்து ஆரம்பித்து எட்டு, ஒன்பது வரை இழுத்தால், கேபிளின் மிக மோசமான நேரத்தில்தான் உங்கள் திரைப் பகிர்வு போக வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் டிஎஸ்எல்லே நிம்மதி. மாறாக, பெரிய கேம்களை இறக்குகிற பிள்ளைகள், நாலைந்து திரைகள், வீட்டிலிருந்து வேலை யாருக்கும் இல்லை என்றால் கேபிளின் அந்தப் பெரிய எண் உண்மையிலேயே பயன்படும். ஆன்லைனில் சண்டை விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு மட்டும் டிஎஸ்எல்லில் சிக்னல் போய்வருகிற தாமதம் கூடிக் குறையாமல் சீராக இருப்பது பிடிக்கும்.

வீட்டில் கேமரா வைத்து வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், சொந்தமாகச் சர்வர் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பல கேபிள் இணைப்புகளில் உங்களுக்கென்று தனி ஐபிவி4 முகவரி (வெளியிலிருந்து உங்கள் வீட்டு இணைப்பைக் கண்டுபிடிக்க உதவும் எண்) கிடைக்காது, பலரோடு பகிர்ந்துகொள்கிற முகவரிதான். டெலிகாமின் டிஎஸ்எல்லில் அந்தப் பிரச்சினை இல்லை.

இணைப்பு போடுகிற விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் புதிதாக வந்தவர்கள் அதிகம் நொந்துபோவது இங்கேதான். கேபிள் இதில் நன்றாக ஜெயிக்கிறது. சுவரில் மூன்று துளையுள்ள பெட்டி ஏற்கெனவே இருந்தால், தபாலில் வருகிற மோடத்தை மூன்றாவது துளையில் திருகிவிட்டு அன்றைக்கே இணையத்தில் இருக்கலாம். இரண்டு துளை மட்டும் என்றால் பெட்டியை மாற்ற ஆள் வர வேண்டும். டிஎஸ்எல்லுக்குப் பெரும்பாலும் டெக்னீஷியன் தேவைப்படும். ஆர்டர் போடும்போதே உங்களுக்கு முன் குடியிருந்தவரின் பெயர், எந்த மாடி, வலப்பக்கமா இடப்பக்கமா என்றெல்லாம் கேட்பார்கள், அடித்தளத்தில் இருக்கிற இணைப்புப் பெட்டியில் உங்கள் வீட்டுக்கான கம்பி எது என்று பிடிக்க அதுதான் துப்பு. சும்மா ஏதோ ஒன்றைத் தட்டிவிடாதீர்கள். பிறகு “காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள்” என்று ஒரு நாள் கொடுப்பார்கள். அன்றைக்கு அழைப்புமணியிலும் தபால் பெட்டியிலும் ஒப்பந்தத்தில் உள்ள அதே பெயர் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அப்பா பெயரை குடும்பப் பெயராகப் போட்டுவிட்டு, மணியில் உங்கள் பெயரை மட்டும் ஒட்டினால், வந்தவர் கீழேயே நின்று பார்த்துவிட்டு “ஆள் இல்லை” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், அடுத்த தேதி இரண்டு வாரம் தள்ளித்தான் கிடைக்கும். வீட்டுக்காரர் பெயர்ப்பலகை மாற்றுகிற வரைக்கும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள், அது போதும். அடித்தளத்துச் சாவியையும் கட்டடப் பராமரிப்பாளரிடம் முன்பே கேட்டு வாங்கி வையுங்கள்.

கேபிளில் இன்னொரு குழப்பம் வாடகையோடு வந்த டிவிக் கட்டணம். 2024 ஜூன் கடைசி வரை அதை வீட்டுக்காரர் வாடகையின் கூடுதல் செலவில் சேர்த்து எல்லாரிடமும் வாங்கலாம் என்றிருந்தது, ஜூலையிலிருந்து அது முடியாது. இணையத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டிவி ஒப்பந்தம் இல்லாமலேயே கேபிள் இணையம் வாங்கலாம். கதவைத் தட்டி “டிவி எடுக்காவிட்டால் இணையம் போய்விடும்” என்று யாராவது சொன்னால் வாசலில் வைத்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மோடத்தை வாடகைக்கு எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 2016 ஆகஸ்டிலிருந்து சொந்த ரவுட்டர் மாட்டிக்கொள்ள சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் இங்கே பலரும் வாங்குகிற ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டரில், டிஎஸ்எல்லுக்கானது கேபிளில் ஓடாது, கேபிளுக்கானது டிஎஸ்எல்லில் ஓடாது. பழைய சாமான் விற்பனையில் கேபிள் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் மலிவாகக் கிடைத்தால் அது ஏதாவது கம்பெனிக்குச் சொந்தமானதா என்று கேளுங்கள், அப்படி இருந்தால் உங்கள் பெயரில் ஏற்ற மாட்டார்கள்.

பல வருடமாக இங்கேயே இருக்கிற நம் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய 16 எம்பிபிஎஸ் ஒப்பந்தத்திலேயே இன்னும் பணம் கட்டிக்கொண்டு, “டிஎஸ்எல் சரியில்லை, கேபிளுக்கு மாறணும்” என்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தெருவுக்கு விடிஎஸ்எல் எப்போதோ வந்திருக்கும், யாரும் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள். கம்பெனியின் இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், ரவுட்டர் விடிஎஸ்எல் தாங்குமா என்றும் பாருங்கள்.

ஒப்பந்தம் முதல் முறை அதிகபட்சம் 24 மாதம். அது முடிந்த பிறகு, 2021 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி, ஒரு மாத அறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆன்லைனிலோ போனிலோ வாங்கினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம், ஆனால் அந்த 14 நாள் ஒப்பந்தம் முடிவான நாளிலிருந்து ஓடுகிறது, இணைப்பு வந்த நாளிலிருந்து அல்ல. அதனால் பழைய இணைப்பை அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

சொன்ன வேகம் வராவிட்டால் வெறும் புகாரால் எதுவும் நடக்காது. மத்திய வலையமைப்பு ஆணையமான புண்டஸ்நெட்ஸ்அகென்டூரின் அளவீட்டுச் செயலியைக் கணினியில் போட்டு, வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளில், மூன்று வெவ்வேறு நாட்களில் மொத்தம் 30 முறை அளக்க வேண்டும். அந்த அறிக்கையில் குறைபாடு உறுதியானால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது நடுவிலேயே விலகலாம். இணைப்பே முழுதாகப் போய், புகார் கொடுத்து இரண்டு நாளில் சரியாகாவிட்டால், மூன்றாம், நான்காம் நாளுக்கு நாளொன்றுக்கு 5 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 10 சதவீதம், ஐந்தாம் நாளிலிருந்து 10 யூரோ அல்லது 20 சதவீதம், இதில் எது அதிகமோ அது உங்களுக்கு வர வேண்டும். டெக்னீஷியன் சொன்ன நேரத்துக்கு வராவிட்டாலும் இழப்பீடு உண்டு. கேட்டால்தான் வரும், எழுத்தில் கேளுங்கள். புகார் என்று இறங்குவதற்கு முன் லேன் கேபிளில் ஒரு முறை சோதித்துவிடுங்கள், பழைய கட்டடங்களின் தடித்த சுவர் வைஃபையைத் தின்பதை இணைப்பின் குற்றம் என்று நினைத்துச் சண்டை போடுகிறவர்கள் நிறைய.

ஃபைபர் கட்டடத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்றால் இந்த அலசலே தேவையில்லை, அதை எடுங்கள். தெருவைத் தோண்ட ஆரம்பித்திருக்கிறார்கள், சீக்கிரம் வரும் என்கிற நிலையில் இருந்தால் இரண்டு வருடத்துக்குக் கட்டிப்போடாத டிஎஸ்எல்லோ கேபிளோ கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. இப்படி எதுவும் இல்லை, இரண்டு கம்பியும் வருகிறது, டிஎஸ்எல் 50-க்கும் 100-க்கும் நடுவில் நிற்கிறது என்றால், கீழ்வீட்டிலோ எதிர்வீட்டிலோ கேபிள் வைத்திருப்பவரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஒரு வேகச் சோதனை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்ற எண்ணையும் சேர்த்துப் பாருங்கள், 30-க்கு மேல் நின்றால் தைரியமாகக் கேபிள் போடலாம்.