துணியில் திரளும் உருண்டைகள்: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

முழுப் பருத்தி, பருத்தி-பாலியெஸ்டர் கலப்பு, கம்பளி, ஃப்ளீஸ் (பஞ்சுபோல மெத்தென்ற கதகதப்பான துணி) என நான்கு வகைத் துணிகளைச் சில வருடங்களாக மாற்றி மாற்றி உடுத்தி வருகிறேன். மேல்பரப்பில் பொடிப்பொடியாக உருண்டை கட்டும் பில்லிங் நான்கிலும் வந்தது. வருகிற விதமும் போகிற விதமும்தான் வேறு வேறு.

அதிகம் ஏமாற்றியது கலப்பு நூல் டி-சர்ட். சுருங்கவில்லை, சீக்கிரம் காய்ந்தது, எல்லாம் சரி. ஆனால் அக்குளுக்குக் கீழேயும் பை வார் உரசும் தோளிலும் வந்த உருண்டைகள் போகவே இல்லை. உரசல் பட்டதும் நூலிலிருந்து இழை நுனிகள் வெளியே வந்து, ஒன்றோடொன்று சிக்கி உருண்டுகொள்கின்றன. பருத்தி இழை அவ்வளவு வலுவில்லாதது என்பதால் கொஞ்ச நாளில் அறுந்து உருண்டையோடு உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் இழை லேசில் அறுவதில்லை. உருண்டையைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. துணிக்கு ஆயுளைக் கொடுக்கிற அதே வலுதான் அதன் தோற்றத்தைக் கெடுக்கிறது.

அதனால்தான் ‘உருண்டை வந்தால் மட்டமான துணி’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. என் கம்பளி ஸ்வெட்டர் நல்ல சரக்கு. ஆனாலும் உடுத்தத் தொடங்கிய புதிதிலேயே கையிலும் விலாவிலும் உருண்டை கட்டியது. மென்மைக்காக நூலைத் தளர்வாக முறுக்கினால் இழைகள் எளிதில் நழுவி வெளியே வரும். எடுக்க எடுக்க, தளர்ந்த இழைகள் தீர்ந்து இப்போது பெருமளவு அடங்கிவிட்டது.

நான்கில் எனக்குப் பிடித்தது, கோம்ப்டு நூலில் நெருக்கமாகப் பின்னிய பருத்திச் சட்டை. குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பிறகு நூற்கிற நூல் அது. வெளியே நீட்ட நுனிகள் குறைவு. கழுத்துப் பட்டி தளர்ந்த பிறகும் மேல்பரப்பு வழுவழுப்பாகவே இருக்கிறது.

ஃப்ளீஸ் வேறு கதை. கம்பிப் பற்களால் சுரண்டிப் பஞ்சுபோல எழுப்பிய பரப்பு என்பதால் இழை உதிர்வது அதன் இயல்பு. முதல் சில சலவைகளில் நிறைய உதிர்ந்தது, அப்புறம் குறைந்தது. உதிர்வது பெரும்பாலும் பாலியெஸ்டர், அதாவது நுண்ணிய பிளாஸ்டிக்; அலசிய தண்ணீரோடு வெளியே போகிறது. இது என்னை உண்மையிலேயே உறுத்துகிறது. அழுக்கானால் மட்டும்தான் அதைத் துவைக்கிறேன்.

சலவையில் பலன் தந்தவை: உட்புறத்தை வெளியே திருப்பிப் போடுவது, குளிர்ந்த தண்ணீர், குறைந்த நேரச் சுழற்சி. துண்டுகளைத் தனியாகத் துவைத்ததும் கறுப்புச் சட்டைகளில் பஞ்சு ஒட்டுவது நின்றது. உருண்டைகளைக் கையால் பிய்க்க வேண்டாம், கூடவே புது இழைகளும் வெளியே வரும். துணியைத் தட்டையாக விரித்து, தையல் ஓரங்களைத் தவிர்த்து, உருண்டைகளை மழித்தெடுக்கும் கருவியான ஃபேப்ரிக் ஷேவரை ஓட்டலாம். ஒவ்வொரு முறையும் துணி கொஞ்சம் மெலிகிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணி எவ்வளவு உருண்டை கட்டும் என்பதை அளக்க ஐஎஸ்ஓ 12945 என்ற சர்வதேசச் சோதனை முறையே இருக்கிறது. துணியை உரசவிட்டு 1 முதல் 5 வரை தரம் போடுவார்கள். 5 என்றால் மாற்றமே இல்லை. நான் வாங்கிய எந்த உடையின் லேபிளிலும் அந்த எண் இல்லை. சலவைக் குறிகளை அச்சிடுகிறவர்கள் இதையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.