கொரியாவில் பனி நண்டு சாப்பிடப் போகிறீர்களா? 4,08,000 வொன் இழந்தவனின் எச்சரிக்கை

நேற்றிரவு தென்கொரியாவின் கிழக்குக் கடற்கரையிலுள்ள ஒரு மீன் சந்தையில் நானும் என் ஆய்வக நண்பர்கள் மூவரும் 4,08,000 வொன்னைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். நம் பணத்தில் 24,000 ரூபாய்க்கு மேல். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். வாசலில் கண்ணாடித் தொட்டி, மாடியில் சாப்பாட்டு மேசை என்று அந்தத் தெரு முழுக்க ஒரே மாதிரிக் கடைகள்தாம்.

நாங்கள் சாப்பிடப் போனது ‘தேகே’ எனப்படும் பனி நண்டு. அதன் கால்கள் மூங்கிலைப் போல நீண்டிருப்பதால் கொரியர்கள் அதை மூங்கில் நண்டு என்றே அழைக்கிறார்கள். மிளகு, மசாலா எதுவும் கிடையாது. வெறும் ஆவியில் அவித்து, கத்தரிக்கோலால் காலை வெட்டி, சதையை உருவி உண்ண வேண்டும். இறுதியில் ஓட்டுக்குள் தங்கியிருப்பதோடு சோற்றைப் புரட்டித் தருவார்கள். ஜூன் மாதம் பிடிப்பதற்குத் தடை வந்துவிடும், அதற்குள் ஒருமுறையாவது சாப்பிட்டுவிடுங்கள் என்று உடன் வேலை செய்யும் கொரியர்கள் குளிர்காலம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்ததால் புறப்பட்டோம்.

காரைக்காலைச் சேர்ந்த நண்பர் நண்டு வாங்குவதில் தேர்ந்தவர். அமாவாசை நண்டுக்கும் பௌர்ணமி நண்டுக்கும் சதையில் உள்ள வேறுபாட்டைப் பேருந்திலேயே எங்களுக்கு விளக்கிக்கொண்டு வந்தார். தொட்டியருகே நின்ற பெண்மணியை அவர் ‘இமோ’ என்று அழைத்தார். தாயின் சகோதரியைக் குறிக்கும் அச்சொல்லால் இங்கே உணவகப் பெண்களை உரிமையோடு அழைப்பது வழக்கம். அந்தச் சித்தி மகிழ்ந்துபோய், ஒரு நண்டைத் தூக்கிப் புரட்டி, நண்பரின் கட்டைவிரலைப் பிடித்து அதன் வயிற்றில் தாமே வைத்து அழுத்திக் காட்டினார். கல்லைப் போல இருந்தது, சதை நிறைந்த நண்டுதான். நாங்கள் ஏமாந்தது அந்த நொடியில்தான். கிலோ 80,000 வொன் என்றார், மூன்று நண்டுகளைக் கூடையில் போட்டு நிறுத்தார், 3.4 கிலோ, 2,72,000 வொன். கூடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தும் நாங்கள் பேசவில்லை. ரொக்கமாகக் கொடுத்தால் மாடியில் நன்றாகக் கவனிக்கச் சொல்கிறேன் என்றார். எண்ணிக் கொடுத்தோம்.

அந்த மூன்றில் ஒன்றுக்கு இடப்பக்கக் கடைசிக் கால் ஒடிந்திருந்தது. அரை மணி நேரம் கழித்து மாடிக்கு வந்த தட்டில் எல்லா நண்டுகளுக்கும் எல்லாக் கால்களும் இருந்தன. ஆவியில் வேகும்போது நண்டுக்குக் கால் முளைக்கும் அதிசயத்தை உலகில் முதன்முதலில் கண்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். வெட்டினால் காலுக்குள்ளிருந்து நீர் வழிந்தது. நூல்போல ஒரு கீற்றுச் சதை. ஓடு கழற்றி அதிக நாளாகாத, சதை பிடிக்காத இத்தகைய நண்டை இங்கே ‘நீர் நண்டு’ என்று மலிவாக விற்பார்கள் என்பது இன்று காலை ஆய்வகத்தில் கேட்டபிறகுதான் தெரிந்தது.

அடுத்து வந்தது மாடிக் கணக்கு: அவித்த கூலி 20,000, மேசைக் கட்டணம் ஆளுக்கு 10,000, சோறு 16,000, பச்சை மீன் தட்டு 60,000, ஆக 1,36,000 வொன். அந்த மீனை நாங்கள் கேட்கவே இல்லை. ‘சோபிஸு’ என்று சொல்லித்தான் வைத்தார்கள். கொரிய வழக்கில் அதற்கு இலவசம் என்று பொருள். கேட்டபோது, பரிமாறிய பெண் வேறு யாரோ, அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். நண்டு மாறியதைச் சொன்னால், நாங்கள் அவிப்பவர்கள் மட்டுமே, விற்றவரிடம் கேளுங்கள் என்றார்கள். கீழே சித்தியோ, நான் நல்ல நண்டைத்தான் கொடுத்தேன், மாடியில் கேளுங்கள் என்றார். மூன்று முறை ஏறி இறங்கினோம். நான்காவது முறை அவருக்கு ‘இமோ’ என்ற சொல்லே காதில் விழவில்லை. தொட்டியைக் கழுவத் தொடங்கிவிட்டார்.

நம் ஊரில் நாமம் போட்டார்கள் என்போம். இவர்கள் தலையில் சுரைக்குடுவையைக் கவிழ்த்தார்கள் என்கிறார்கள். ‘பகாஜி’ என்ற அந்தச் சொல்லை 4,08,000 வொன் கொடுத்துக் கற்றிருக்கிறேன்.

சுற்றுலா உதவி எண் 1330-ஐ அழைத்தோம். ஆங்கிலத்தில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நண்டு வாங்கிய ரசீது இருக்கிறதா என்றார்கள். கையில் இருந்தது மாடியில் வங்கி அட்டையில் கட்டிய 1,36,000 வொன்னுக்கான சீட்டு மட்டுமே. ரொக்கமாகப் போன 2,72,000 வொன்னுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

விரிவாக அறிவுரை எழுத எண்ணினேன், இப்போது மனம் ஓடவில்லை. ரொக்கம் கொடுக்காதீர்கள். கூடையின் நீரை வடித்து நிறுக்கச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்த நண்டைப் படம் எடுங்கள், முடிந்தால் அடுப்படி வரை கூடவே போங்கள். கேட்காத தட்டு வந்தால் தொடாதீர்கள். 1330-ஐக் கடைக்குள் நின்றபடியே அழையுங்கள். நாங்கள் பேருந்து நிலையத்துக்கு வந்தபிறகுதான் அழைத்தோம்.