வீட்டு ஸ்டேன்ட்பையா, விமான நிலைய ஸ்டேன்ட்பையா? இளம் விமானிக்கு எது தேவலை

போன மாதம் ஒரு சனிக்கிழமை. உட்லண்ட்ஸ் வீட்டில் சாம்பாரைத் தாளிக்கப் போன அம்மாவுக்குக் கறிவேப்பிலை இல்லை. "சும்மாதானே இருக்க, கீழ போய் வாங்கிட்டு வாப்பா" என்று தம்பியிடம் சொன்னார். அவன் மறுக்கவில்லை. ஆனால் லிஃப்டில் சிக்னல் போய்விடும் என்று 11 மாடியையும் படியிலேயே இறங்கி, கடையில் போனைக் கையிலேயே பிடித்தபடி நின்று, மறுபடியும் படியேறி வந்தான். அன்று அவனுக்கு வீட்டு ஸ்டேன்ட்பை. போன் வந்தால் 90 நிமிடத்தில் சாங்கியில் சீருடையோடு நிற்க வேண்டும்.

தம்பி ஃபர்ஸ்ட் ஆபிசராகி, அதாவது துணை விமானியாகி, ஒன்றரை வருடம் ஆகிறது. பெரியம்மா மகன், எங்களுக்கு அண்ணன் முறை, அமெரிக்காவில் அதே வேலையில் இருக்கிறார். அங்கே இதன் பெயர் 'ரிசர்வ்'. இரண்டு பேரும் வீடியோ காலில் யார் பாடு மோசம் என்று வாதாடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் இந்தக் கணக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது.

முதலில், இப்படி ஆட்களைக் காத்திருக்க வைப்பது எதற்கு? ஒரு விமானி காலையில் காய்ச்சலோடு எழுந்திருப்பார். சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையில் வரும் சூறைமழை விமானங்களைத் தாமதமாக்கும். தாமதமானால், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் பணிநேர வரம்பு முடிந்துவிடும். அதற்கு மேல் அவர்கள் பறக்கக் கூடாது. அந்த இடத்தில் உட்கார ஆள் வேண்டும். அதுவும் அதே ரக விமானத்துக்குத் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். ஏர்பஸ் 320 ஓட்டுபவரை அவசரத்துக்குப் போயிங் 787-ல் ஏற்ற முடியாது. அதனால் ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனியாக ஆட்களைக் காக்க வைக்கிறார்கள். வானிலை ரேடாரில் மேற்கே சிவப்பாகத் தெரிந்தாலே தம்பி காலணிக்குப் பாலிஷ் போட ஆரம்பித்துவிடுவான்.

சரி, வீடா, விமான நிலையமா?

கேட்ட மாத்திரத்தில் யாரும் வீடு என்றுதான் சொல்வார்கள். சொந்தக் கட்டில், அம்மா சமையல். சிங்கப்பூர் சின்ன ஊர் வேறு. தீவின் எந்த மூலையிலிருந்தும் சாங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் இது ஓய்வு மாதிரி தோன்றும் வேலை. காலை 4 மணிக்குத் தொடங்கும் ஸ்டேன்ட்பை என்றால் அந்த நேரத்தில் பெருவிரைவு ரயில் கிடையாது. கார் வாங்கும் உரிமைச் சான்றிதழுக்கு மட்டும் லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கும் ஊரில் புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கார் ஏது? கிராப் வாடகைக் கார் கிடைக்க வேண்டும், அதுவும் உடனே கிடைக்க வேண்டும். குளிக்கப் போனால் போன் பிளாஸ்டிக் பையில் கூடவே போகும். பெட்டியில் மெல்பர்ன் குளிருக்கு ஒரு ஜாக்கெட், கொழும்பு வெயிலுக்குப் பருத்திச் சட்டை, இரண்டும் இருக்கும். தைப்பூசத்தன்று ஒரு தடவை ஸ்டேன்ட்பை விழுந்தது. சித்தப்பா காவடி எடுத்தார். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை கூட நடக்க வேண்டிய தம்பி, போக்குவரத்து அடைப்பில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். அன்று முழுக்க ஒரு போன்கூட வரவில்லை.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது தூக்கம்தான். போன் வருமா வராதா என்று தெரியாமல் தூங்குவது எப்படி? பகலிலேயே தூங்கி வைத்து, ராத்திரி அழைப்பு வராவிட்டால் விடிய விடிய விழித்திருக்க வேண்டும். தூங்காமல் இருந்து, ராத்திரி 11 மணிக்கு அழைப்பு வந்தால் அதைவிட மோசம்.

விமான நிலைய ஸ்டேன்ட்பையை எல்லோரும் திட்டுவார்கள். சீருடை மாட்டிக்கொண்டு, கைப்பெட்டியோடு க்ரூ அறை சோபாவில் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். ஆனால் அங்கே இருப்பது வேலை என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதும் தெளிவு. முக்கியமாக, அங்கே கழியும் நேரம் கணக்கில் ஏறும். எப்படி ஏறும் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். தம்பிக்கு இங்குள்ள விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள். கணக்கின் போக்கு புரிய ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

ஒருவர் காலை 6 மணிக்கு விமான நிலையத்தில் உட்காருகிறார், பகல் 12 மணிக்கு ஒரு விமானத்தில் ஏறச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய விதியில் காத்திருந்த முதல் 4 மணி நேரம் பறக்கும் பணிநேரத்தை, அதாவது ஒரு பயணத்துக்காகத் தொடர்ந்து பணியில் இருக்கக்கூடிய நேரத்தை, குறைக்காது. அதற்கு மேற்பட்டதுதான் கழிக்கப்படும். ஒன்று அல்லது இரண்டு பயணங்களுக்கான 13 மணி நேர வரம்பில் 2 போய், 11 மணி நேரம். ஆனால் காத்திருப்பும் பணியும் சேர்ந்து 16 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதால் 10 மணி நேரம்தான் மிச்சம். அமெரிக்க விதியில் விமான நிலையக் காத்திருப்பு முழுவதுமே பறக்கும் பணிதான். 6 மணிக்கே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டதால் அதே 13-ல் 6 போய், 7 மணி நேரம்தான் மிச்சம். ஒரே சோபா, ஒரே காப்பி. ஆனால் ஒருவர் ராத்திரி 10 மணி வரை வேலை பார்க்கலாம், இன்னொருவர் 7 மணிக்குள் முடித்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் பாடுதான் தேவலை. தம்பியே ஒத்துக்கொண்டான்.

வீட்டில் காத்திருந்தால் ஐரோப்பாவில் கால்வாசி நேரம்தான் வேலையாகக் கணக்கு. 8 மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தால் 2 மணி நேரம் வேலை பார்த்த மாதிரி. இப்படி வீட்டில் காத்திருப்பதை அமெரிக்காவில் 'ஷார்ட் கால்' என்பார்கள். காத்திருப்பு 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு விமானிகள் மட்டும் உள்ள பயணமென்றால், காத்திருப்பு தொடங்கியதிலிருந்து அதிகபட்சம் 16 மணி நேரத்துக்குள் பறந்தும் முடித்துவிட வேண்டும்.

அமெரிக்க விதிகள் சும்மா இறுகவில்லை. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகரத்தின் அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி முந்தைய இரவு முழுக்க நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து விமானம் மாறி மாறி வேலைக்கு வந்திருந்தார். களைப்பைப் பற்றி நாடே பேசியது. 2014 ஜனவரி 4 முதல் புது ஓய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன.

இருந்தாலும் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே உள்ள அந்தத் தூரம் இன்னும் குறையவில்லை. அண்ணனின் வீடு டெக்சஸில், பேஸ், அதாவது வேலை தொடங்கும் விமான நிலையம், நியூயார்க்கில். மூன்றரை மணி நேரம் பறந்துபோய் அங்கே காத்திருக்க வேண்டும், அதுவும் காலி இடம் இருந்தால்தான் ஏற முடியும். அதற்காக விமான நிலையத்தின் அருகே அடுக்குக் கட்டில்கள் போட்ட ஒரு வீட்டில் இன்னும் பல விமானிகளோடு வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு தங்குகிறார். அதற்கு 'கிராஷ் பேட்' என்று பெயர். விமானிகள் தங்குமிடத்துக்கு இந்தப் பெயரை வைத்தவர் யாரோ!

தம்பியின் ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) ஸ்டேன்ட்பை நாட்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும். அண்ணனுக்கு மாதம் முழுக்க ரிசர்வ். அங்கே எல்லாம் சீனியாரிட்டிப்படிதான். மூத்தவர்கள் நல்ல பயணங்களை எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சுவது இளையவர்களுக்கு. தமக்குக் கீழே புதிதாக ஆட்கள் சேர்ந்தால்தான் மேலே ஏற முடியும். நிறுவனம் ஆள் எடுப்பதை நிறுத்தினால் ரிசர்வ் வருடக்கணக்கில் நீளும்.

பணத்தில் மட்டும் அண்ணனுக்கு ஒரு பிடிமானம் உண்டு. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை மணி நேரச் சம்பளம் என்று உத்தரவாதம். பல நிறுவனங்களில் அது 70 முதல் 75 மணி நேரம் வரை. தம்பிக்குப் பறக்காத ஸ்டேன்ட்பை நாளில் அடிப்படைச் சம்பளம் வரும், பறக்கும் நேரத்துக்கான பணம் வராது.

அமெரிக்காவில் ரிசர்வின் இன்னொரு வகை 'லாங் கால்', வெகு முன்னதாகவே அழைப்பு வருவது. கிடைத்தால் அதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் நல்லது. அழைப்புக்கும் வேலைக்கும் நடுவே 10 மணி நேர ஓய்வு கட்டாயம். ராத்திரி 2 மணிக்கு முன் தொடங்கி அதைத் தாண்டியும் நீளும் வேலை என்றால் 12 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் 'ரிசர்வ்' என்றாலே ஏறக்குறைய இதுதான். கோயிலுக்குப் போகலாம், தூங்கலாம், லிஃப்டிலும் ஏறலாம். இது கிடைக்காத இடத்தில், பகல்நேர விமான நிலைய ஸ்டேன்ட்பையை எடுத்துக்கொள் என்றுதான் தம்பியிடம் சொல்வேன். இரவுநேர வீட்டு ஸ்டேன்ட்பை கடைசி.

தம்பிக்கும் அதுதான் விருப்பம். அவன் சொல்லும் காரணம் வேறு. "அக்கா, சாங்கியில உட்கார்ந்திருந்தா யாரும் கறிவேப்பிலை கேட்க மாட்டாங்க." அடுத்த வாரம் அவனுக்கு இரண்டு நாள் விமான நிலையம். அம்மா இப்போதே இடியாப்பத்துக்கு மாவு திரித்து வைத்திருக்கிறார், சோபாவில் உட்கார்ந்து சாப்பிட.