மொட்டை மாடிச் சூட்டுக்கு எது சரி: வெள்ளைப் பூச்சா, சுண்ணாம்புத் தளமா, ஃபால்ஸ் சீலிங்கா?

சென்னையிலோ மதுரையிலோ மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், பொழுது சாய்ந்தாலும் அறை தணியாது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை நெடுநேரம் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் எந்த வழியாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது, வெயில் தளத்துக்குள் ஏறுவதை அது தடுக்கிறதா என்பதைத்தான்.

ஃபால்ஸ் சீலிங் அங்கேயே அடிபட்டுப் போகிறது. அறைக்குச் சூடு வருவது கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் தளம் கொதிப்பது நிற்காது. மேலே நீர்க்கசிவு இருந்தாலும் கண்ணில் படாது.

போட்டி மற்ற இரண்டுக்கும்தான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது நம் பழைய முறை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து அடிப்பார்கள். மழையையும் வெயிலையும் சேர்த்தே தாங்கும். நன்றாகப் போட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். செலவும் நாளும் கூடுதல், பழகிய கைகளும் குறைந்துவிட்டன. சதுர அடிக்கு ஏறத்தாழ 12 கிலோ பாரம் ஏறும் என்பதால் கான்கிரீட்மேல் ஏற்கெனவே இருக்கும் பழைய ஜல்லி அடுக்கைப் பெயர்க்காமல் அதன்மேலேயே போடவே கூடாது.

வெள்ளை கூல் ரூஃப் பூச்சுக்குப் பாரமே இல்லை. வெறும் கான்கிரீட் வெயிலில் பெரும்பகுதியை உள்வாங்கும். புதுப் பூச்சு முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்தால் பலன் குறையும், கோடைக்கு முன்னால் ஒருமுறை கழுவ வேண்டும். தெலங்கானா அரசு 2023-இல் கூல் ரூஃபுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்கு மட்டும் இது வேண்டாம். அங்கே வெயில்தான் தேவை.

தளம் ஒழுகுகிறது, எப்படியும் அந்தப் பழைய அடுக்கைப் பெயர்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சுண்ணாம்புத் தளம் போடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் வெள்ளைப் பூச்சு போதும். ஏ.சி.யை ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். தளம் தணிந்தால் அப்படிக் கூட்டி வைப்பது கஷ்டமாக இருக்காது.

தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் ஜல்லித் தளம் போட வழியே இல்லை. அதிகம் வேகிறவர்களும் அங்கே இருப்பவர்கள்தான். அவர்களுக்கு முதலில் வெள்ளை அடித்துக் கொடுக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸைச் சுரண்டக் கூடாது, நேராக மிதிக்கவும் கூடாது. பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் அடிக்க வேண்டும்.