மெட்டலைசிங் வேலை கொடுக்கிறவர்கள் கவனம்: 1,40,000 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம்தான் பார்த்தேன், இன்னும் வயிறு எரிகிறது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு நாங்கள் போட்ட கழிவுநீர்த் தொட்டி பிளாட்பாரம். துருப்பிடிக்காமல் இருக்க இரும்பின் மேல் உருகிய ஜிங்க்கைப் பீய்ச்சிப் பூசியிருந்தது, அதுதான் மெட்டலைசிங். சைட்டில் வைத்த வெல்டிங் ஓரத்தில் உளியை வைத்து லேசாகத் தட்டினேன். ஜிங்க் பூச்சு அப்பளம் மாதிரி ஏடாகக் கையில் வந்தது. அடியில் இரும்பு வழுவழுவென்று பளபளக்கிறது, மூலையில் வெல்டிங் கசடுகூட (ஸ்லாக்) போகவில்லை. 1,40,000 ரூபாய் கொடுத்துச் செய்த வேலை. பூசி 22 நாள்தான்.

பூசுகிற ஆளைப் பிடித்தது, வேலைக்கு ஆள் தேடித் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில். ஒர்க்‌ஷாப்பில் பூசியது சுத்தமாகத்தான் இருந்தது. சைட்டுக்கு மட்டும், துகளை வேகமாக அடித்து இரும்பைச் சொரசொரப்பாக்கும் பிளாஸ்டிங் காம்ப்ரசர் வரவில்லை. கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்த்தார்கள். உருகிய ஜிங்க் சொரசொரப்பில்தான் கவ்விக்கொள்ளும், மெருகேறிய இரும்பில் எப்படி நிற்கும்? கேட்டதற்கு, "நீங்களே வெச்சுப் பாருங்கண்ணா" என்று மீட்டரைக் கையில் கொடுத்தான் பையன். 200, 210, 205. அங்கேதான் விழுந்தேன். அந்த மீட்டர் காட்டுவது மைக்ரானில் தடிமன், பிடிப்பு இல்லை. பூச்சு உள்ளே விட்டுப்போயிருந்தாலும் அதே 200தான் காட்டும். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை!

பூச்சை இழுத்துப் பார்த்துப் பிடிப்பை அளக்கும் புல் ஆஃப் டெஸ்ட் ரிப்போர்ட்டும் கொடுத்தார்கள். 7 மெகாபாஸ்கல் (MPa) என்று போட்டிருந்தது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், டாலி (இழுப்பதற்காகப் பூச்சில் ஒட்டும் சின்ன உலோகக் குமிழ்) ஒட்டியிருப்பது அவர்கள் ஒர்க்‌ஷாப் தகட்டில்.

போன் செய்தால், "ஆபரேட்டர் ஊருக்குப் போயிருக்கார் சார்." அப்புறம், "உங்க வெல்டிங்கே சரியில்லை சார்." அப்புறம் எடுக்கவே இல்லை. அந்தத் தளத்தில் புகார் போட்டால், "அறிமுகம் செய்வது மட்டுமே எங்கள் சேவை" என்று பதில். 1,40,000 ரூபாய்க்கு இதுதான் பதிலா?

எப்படிச் சோதிப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சைட்டில் பிளாஸ்டிங் செய்யாமல் பூச விடாதீர்கள். ஒரு மெல்லிய தகட்டைப் பக்கத்திலேயே வைத்து, அதே ஆள் அதே நாளில் பூசட்டும். வளைத்துப் பாருங்கள், விரிசல் விழலாம், உரியக் கூடாது. டாலியை உங்கள் கண்முன்னால் ஒட்டச் சொல்லுங்கள், பசை காய ஒரு நாள் ஆனாலும் சரி. அதுவரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நான் முழுசாகக் கொடுத்துத் தொலைத்தேன்.

நாளைக் காலை தொழிற்சாலைக்காரர் பார்க்க வருகிறார். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.